ஓரமாக நிறுத்திப் பேசிய கல்யாண வேன்

சுண்டக்குளத்துக்காரர்கள் யார் சொல்லையும் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரே தொல்லை அதுதான்.

அந்த ஊர்த் தணிகாசலத்துக்கு அன்று கல்யாணம். வீட்டார் எல்லாம் முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையைக் கூட்டிவரும் பொறுப்பு தாய்மாமன்கள் இருவருக்கு. பெரியவர் வைரக்கண்ணு வேன் ஓட்டினார். சின்னவர் பச்சையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னார்.

பாதி வழியில் பெண்ணின் அப்பா போன் செய்தார். வைரக்கண்ணு போனைக் காதில் வைத்த மறுநொடி, வேன் ரோட்டை விட்டு இறங்கி ஒரு வைக்கோல் போருக்குள் மூக்கை நுழைத்தது. ஒரு போலீஸ்காரர் ஓடிவந்தார்.

"அறிவிருக்காய்யா? வண்டி ஓட்டும்போது போன் பேசலாமா?"

"கூடாதுங்களா?"

"கூடவே கூடாது!"

வைக்கோலைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்கள். மறுபடி போன் அடித்தது. வைரக்கண்ணு எஞ்சினை அணைத்தார்.

"ஓட்டினாத்தானே பேசக்கூடாது? நீங்க தள்ளுங்க, நான் பேசறேன்."

மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். பச்சையப்பனும் தோள் கொடுத்தார். "வந்துக்கிட்டே இருக்கோம் சம்பந்தி, நிக்கவே இல்லை" என்றார் வைரக்கண்ணு. பொய்யில்லை. ஆனால் முன்னால் இறக்கம். கைக்குப் பிடிபடாமல் ஓடிய வேன், சோதனைச் சாவடித் தடுப்பைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

அங்கிருந்த பெண் ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். "போன் வந்தா ஓரமா நிறுத்திட்டுப் பேசணும்னு தெரியாதா?"

இவ்வளவு தெளிவாக அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஒரு மைல்கல்லில் சாய்த்து, போனை ஓரமாக நிறுத்தினார்கள்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு அண்ணே. ஆனா நாம போனப்புறம் மணி அடிச்சா யார் பேசுறது?"

வைரக்கண்ணு யோசித்தார். "நான் வண்டி ஓட்டணும். நீ யோசனை சொல்லணும். வண்டியில சும்மா இருக்கிறது யாரு?"

இருவரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"முகூர்த்தத்துக்கு நேரமாகுதே மாமா" என்று தணிகாசலம் கண் கலங்கினார்.

"அதனாலதான் மாப்ளே! நீ இங்கே நின்னு பேசு. நாங்க சீக்கிரமா போய்ச் சேர்ந்துடறோம்."

சேர்ந்தும் விட்டார்கள். மண்டப வாசலில் மேளம் முழங்க, பெண்ணின் அப்பா மாலையோடு வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை எங்கே?"

"போன் போடுங்க சம்பந்தி" என்றார் வைரக்கண்ணு, பெருமையோடு.

அவரும் போட்டார். முதல் மணியிலேயே தணிகாசலம் எடுத்தார்.

"தாராளமா பேசுங்க மாமா. நான் வண்டியே ஓட்டலை."