சடையன் செய்த பந்து

அந்தக் காலத்தில், எருமைக்கும் வண்டுக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, வற்றிய கண்மாய்க்குள் கோடை முழுக்கப் பந்தாட்டம் நடக்கும். பந்து என்றால் உருண்டைக் கல். எருமை உதைத்துவிட்டால் அது போகிற வழியில் கிடக்கும் சின்ன உயிர்களெல்லாம் கூழ்தான். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

கரையோரம் சாணிவண்டு சடையனும் அவன் பெண்டாட்டி இருளாயியும் குடியிருந்தார்கள். அப்போதெல்லாம் சாணிவண்டுகள் சருகுக்கடியில்தான் முட்டையிடும். போன கோடையில் அவர்கள் முட்டைகள்மேல் கல் உருண்டுபோனது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்தக் கோடையில் இருளாயி மறுபடியும் சூலியாக இருந்தாள். "இந்த வாட்டியும் கல்லு உருண்டா நான் உசுரோட இருக்க மாட்டேங்க," என்றாள்.

ஆட்டத்தை நிறுத்தச் சொன்னால் எருமை கேட்குமா? பந்தை மாற்றினால் என்ன என்று சடையனுக்குத் தோன்றியது. ஈரச் சாணத்தில் வைக்கோல் துணுக்கைப் பிசைந்து, விளாம்பழம் அளவுக்கு உருட்டிக் காயவைத்தான். மேலே இறுகி, உள்ளே மெத்தென்று இருந்தது. ஒரு புழுவின்மேல் உருட்டிப் பார்த்தான். புழுவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவன் சந்தோஷமாக எல்லோரையும் கூப்பிடப் போனான். அந்த நேரம் பார்த்து இருளாயிக்கு வலி கண்டது. சருகுக்கடியில் முட்டையிட அவளுக்கு மனம் வரவில்லை. வாசலில் மெத்தென்ற உருண்டை இருந்தது. அதில் குழி பறித்து, இருந்த ஒரே முட்டையை இட்டு, குழியின் வாயை மூடி, மேலே பூச ஈரமண் தேடிப் போனாள்.

திரும்பிவந்த சடையன் அவளைத் தேடவில்லை. ஆட்டக்காரர்கள் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில் பந்தை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

எருமைக்கடா பந்தை முகர்ந்து பார்த்தது. "சடையா, செஞ்சவந்தான் மொதல்ல தள்ளி விடணும். அதான் மொற."

அதுவரை அவனைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. பெருமை தலைக்கேறியது. திரும்பி நின்று பின்னங்கால்களால் ஓங்கித் தள்ளினான். பந்து எருமையின் காலடிக்கு உருண்டது.

"வேணாங்க! பிள்ள உள்ள இருக்கு!" கரையிலிருந்து இருளாயி அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

அதற்குள் எருமை உதைத்துவிட்டது. பந்து பாறையில் மோதிச் சிதறியது.

"தெரியாமப் போச்சேப்பா," என்று எருமை தலையைத் தொங்கப்போட்டது. அதைச் சொல்லி என்ன பயன்? இருளாயி சிதறல்களைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றாள். சடையன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் எங்கே சாணம் விழுந்தாலும் சாணிவண்டு ஓடிவந்து உருண்டை பிடிக்கிறது. தலையைக் கவிழ்த்தபடி, பந்தை உதைக்குக் கொடுத்த அதே பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு போய், எவர் காலும் எட்டாதபடி மண்ணுக்குள் புதைக்கிறது. உள்ளே பிள்ளை இருந்துவிட்டால் என்ற பயத்தில், இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூட நிற்பதில்லை.