நாற்பது குதிரையும் நாற்பது இட்லியும்

கூவலூர் சமஸ்தானத்து ராஜா விஜயரங்கர் ஒரு மோட்டார் வாங்கினார். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. நாற்பது குதிரை சக்தி. அது தினமும் ஓடிய தூரம், அரண்மனையிலிருந்து கோயில் வரை அரை மைல். ராஜா போனால் முன்னால் நாகசுரம் போக வேண்டும் என்பது கூவலூர் வழக்கம். ஆகவே நாற்பது குதிரைகளும் நாகசுரக்காரர் பின்னால் ஊர்ந்தே போயின.

ஒருநாள் ராஜா, டிரைவர் சவரிமுத்துவைச் சபையில் நிறுத்தினார்.

"பக்கத்து ஜமீன்தாரின் குட்டி மோட்டாரும் கோயிலுக்குத்தான் போகிறது. ஒரு டின் பெட்ரோல் அவருக்குப் பத்து நாள் வருகிறது. நமக்கு நாலே நாள். நீ திருடுகிறாய்."

"வண்டிதான் குடிக்குதுங்க மகாராஜா. பெரிய எஞ்சினுங்க."

"பெரிய எஞ்சின் என்றால் சுலபமாக இழுக்கும். சுலபமாக இழுத்தால் குறைவாகத்தானே குடிக்க வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் ஊரைவிட்டுப் போய்விடு."

சபையே தலையாட்டியது. ஆலோசகர் தாண்டவராயர் மட்டும் ஆட்டவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய பாக்கு மாதிரி அந்த நியாயம் அவரை உறுத்தியது. திருடாதவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவான்?

மறுநாள் முதல் ராஜாவின் வெற்றிலைப் பெட்டியைச் சுமக்க அரண்மனைப் பயில்வான் வீரய்யனை அவர் ஏற்பாடு செய்தார். வியாழக்கிழமை சமையற்காரர் சபைக்கு வந்து முறையிட்டார்.

"பெட்டி தூக்குகிறவர் காலையில் மட்டும் நாற்பது இட்லி சாப்பிடுகிறார் மகாராஜா."

"இத்தனூண்டு பெட்டிக்கு நாற்பது இட்லியா?" என்றார் ராஜா.

"எனக்கும் அதுதான் சந்தேகம்," என்றார் தாண்டவராயர். "வீரய்யன் பலசாலி. சுலபமாகத் தூக்குகிறான். குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? சமையற்காரர்தான் திருடுகிறார். நாளைக்குச் சவரிமுத்துவோடு இவரையும் அனுப்பிவிடலாம்."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையற்காரர் போனால் நெய்த்தோசையும் போய்விடும்.

"அவரை ஏன் சொல்கிறீர்? அந்த உடம்பு சும்மா நின்றாலே அவ்வளவு கேட்கும்."

தாண்டவராயர் வாசலில் நின்ற மோட்டாரைப் பார்த்தார். ராஜாவும் பார்த்தார்.

"சரி, சவரிமுத்து இருக்கட்டும்," என்றார் ராஜா கடைசியில். "கோயிலுக்குப் போக எத்தனை குதிரை சக்திதான் போதும்?"

"அரை மைல்தானே மகாராஜா? தங்கள் இரண்டு காலே போதும். அவற்றுக்குத் தீனி மூன்று வேளையும் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்."

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. ராஜா குனிந்து தம் வயிற்றைப் பார்த்தார். பிறகு அது குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தாண்டவராயருக்குப் போர்த்தினார்.