பேர் சொல்ல ஆளில்லாத சடையாண்டி

இந்தக் கதையில் வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் வயிற்றுவலி.

வலி மேலைக்கோட்டை ராஜாவுக்கு. "ஐயோ, சடையாண்டியைக் கூப்பிடு!" என்று கத்தினார். அவர் சொன்னது வைத்தியர் சடையாண்டியை. வந்ததோ மல்லன் சடையாண்டி. "எங்க ராசா வலிக்குது? இங்கயா?" என்று ஒரே அமுக்கு. ராஜா போட்ட அலறலில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தது. மறுபடி ஆள் ஓடினான். நாயனக்காரர் சடையாண்டி வந்து, "பிரபோ, பைரவியா? தோடியா?" என்று, வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்தார். மூன்றாவதாக வைத்தியர் வந்து சேர்வதற்குள் ராஜாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பிரதான மந்திரிக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பின்னே? சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் 'சடையாண்டி போல உண்டா' என்ற பேச்சுதான். முப்பது வருஷமாக மந்திரியாக இருப்பவரைப் பற்றி ஒரு மூச்சு கிடையாது!

"மகாராஜா, ஒரு பேருக்கு ஒரு ஆள் போதும். மற்ற சடையாண்டிகளை நாடு கடத்திவிடலாம்."

"செய்யும்!"

மூவர் முகமும் வெளுத்தது. விதூஷகன் இடும்பையா மட்டும் கைதட்டினான். அவன் மந்திரியின் சொந்த ஊர்க்காரன்.

"மந்திரியார் சொன்னால் சரிதான்! ஆனால் மல்லர் போனால் எதிரி வருவான். வைத்தியர் போனால் வலி வரும். நாயனக்காரர் போனால் சாமியே வெளியே வராது. நாலாவது சடையாண்டி ஒருத்தன் இருக்கிறான், அவனைத் துரத்துவோமே!"

"நாலாவதா?"

"அவன் பேரை ஊரில் ஒருத்தரும் சொல்வதில்லை. வேலைக்காரன் சொல்லமாட்டான். பெண்டாட்டிக்கோ 'இந்தாங்க'தான். அவனுக்கே மறந்துவிட்டது என்று கேள்வி."

மந்திரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஹெஹ்ஹே! சொந்தப் பேரே மறந்த பயலா? கழுதைமேல் ஏற்றி விரட்டு!"

"அவன் போனால் இந்த மூவரும் இருக்கலாமா, ஐயா?"

"இருந்து தொலையட்டும்!"

ஓலை வந்தது. கழுதை உட்பட எல்லாவற்றையும் மந்திரியே ஆசையாக எழுதினார். முத்திரை மோதிரத்தைக் கழற்றினார்.

"இவ்வளவு பெரிய கட்டளைக்கு வெறும் மோதிரமா? தங்கள் திருநாமத்தையே போடுங்கள், ஐயா" என்றான் இடும்பையா.

"போட்டால் போச்சு!"

யோசித்தார். நெற்றியைச் சொறிந்தார். முப்பது வருஷமாக மோதிரம்தானே கையெழுத்துப் போட்டது! கடைசியில், சின்ன வயதில் அம்மா கூப்பிட்டது ஞாபகம் வந்தது. சந்தோஷமாக எழுத்தாணியை ஓட்டினார்: ச... டை... யா...

எழுத்தாணி நின்றது.

ராஜா எட்டிப் பார்த்தார். சிரித்தார், சிரித்தார், சிரித்துக்கொண்டே சிம்மாசனத்திலிருந்து வழுக்கினார். "ஐயோ, வயிறு! சடையாண்டியைக் கூப்பிடு!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.