வேனுக்குக் குறுக்கே கிடந்தவர்

கும்பகோணத்தில் துளசிங்கனார் என்று ஒரு வேன் ஓட்டுநர் இருந்தார். ஒரே நாளில் ஒன்பது பெருமாள் கோயில்களுக்கு யாத்திரிகர்களை அழைத்துப்போய் வருவது அவர் தொழில். அவர்கள் உள்ளே சேவித்து வரும்வரை செருப்புகளுக்கும் பைகளுக்கும் அவரே காவல். அதனால் பதினாறு ஆண்டுகள் ஓட்டியும் ஒரு சந்நிதியைக்கூட அவர் கண்டதில்லை. இருக்கையில் இருந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். தினம் ஒன்பது கோயில் போகிறவர் ஒரு பெருமாளையும் பார்த்ததில்லை என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார்.

அது வைகாசி மாதம், விடுமுறைக் கூட்டம். ஒரு நடை முடிந்ததும் முதலாளி அடுத்த நடைக்கு அனுப்பினார். மூன்று நாட்களாகத் துளசிங்கனார் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தார், பச்சை மிளகாயைக் கடித்தார், நாராயணா நாராயணா என்று உரக்கச் சொன்னார். நாமம் சொல்லியும் கண் செருகுகிறதே, நம் பக்திதான் பழுதோ என்று குழம்பினார். உடம்பு கேட்டதைப் பக்தியிடம் போய் விசாரித்தார், பாவம்.

மூன்றாம் நாள் முற்பகல். பதினோரு பேருடன் வாய்க்கால் கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று பாதை நடுவே, வண்டிக்குக் குறுக்கே, பெருமாள் பாம்பணைமேல் பள்ளிகொண்டிருந்தார். துளசிங்கனார் அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றபோது முன்சக்கரம் வாய்க்கால் விளிம்பில் இருந்தது. சாலையில் யாரும் இல்லை.

கண்டதை எல்லோரிடமும் சொன்னார். யாத்திரைக் குழுவை அழைத்து வந்த பத்மாசனி அம்மாள் சட்டென்று அவர் காலில் விழுந்தார். அடுத்த கோயிலிலேயே பட்டரிடம் சொல்லி இவர் தலையில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்யவேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

துளசிங்கனாருக்கோ குழப்பம். கண்டது கண்ணாலா, கனவிலா? கண்ணால் என்றால் பிறவி எடுத்த பயன் கிடைத்தாயிற்று. கனவு என்றால் பதினோரு உயிரை வாய்க்காலில் தள்ளப் பார்த்த பாவி. ரயில்வே கேட்டைத் தாண்டியது நினைவிருந்தது. அங்கிருந்து வாய்க்கால்வரை முழுதாக ஒரு மைல். அதில் ஒரு மரம்கூட நினைவில் இல்லை.

அடுத்த கோயிலிலும் பள்ளிகொண்ட பெருமாள்தான். செய்தி கேட்டு வாசலுக்கே பட்டர் பரிவட்டத்தோடு வந்தார். குனிந்து தலையைக் காட்டினால் ஊரே கொண்டாடும். உண்மையைச் சொன்னால் பிழைப்புப் போகும். துளசிங்கனார் பின்வாங்கினார்.

"வேணாம் சாமி. நான் தூங்கிட்டேன். ரயில்வே கேட்டத் தாண்டுனதுக்கப்புறம் ஒண்ணுமே நெனவில்ல. இனிமே தூங்காம வண்டி எடுக்க மாட்டேன்" என்றார்.

காலில் விழுந்த பத்மாசனி அம்மாளே இப்போது எங்களைக் கொல்லப் பார்த்தாயே என்று ஏசினார். முதலாளிக்குப் போன் போயிற்று. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் அவர். வேறொரு ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்துச் சென்றார்.

காக்கச் செருப்பும் இல்லை. துளசிங்கனார் முதல்முறையாகச் சந்நிதிக்குள் போனார். "வந்தது நீயா, எந் தூக்கமா? ஒண்ணும் வெளங்கலையே பெருமாளே" என்று கேட்டார். பதில் வருமுன் கால் மடங்கித் தூணடியில் சாய்ந்து உறங்கிப்போனார்.

உச்சி நடை சாத்தும் வேளை. அவரை எழுப்பக் குனிந்த பட்டர், கருவறைப் பக்கம் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். காலையில் பெருமாளுக்குத் தாம் சாத்திய மஞ்சள் பட்டு முழுக்கச் சாலைப் புழுதி. திருவடியோரத்தில் டயரின் தடம்.

"அவனை எழுப்பாதே. அவன் தூங்கியதும் மெய், நான் குறுக்கே கிடந்ததும் மெய்."

காதால் கேட்டாரா, மனத்தில் பட்டதா என்று பட்டருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் கை மட்டும் குழம்பவில்லை. பரிவட்டத்தை நாலாக மடித்து, உறங்குகிறவர் தலைக்குக் கீழே மெல்ல வைத்தது.

கண்ட பேற்றையும் தூக்கம் என்றே சொன்ன துளசிங்கனாரின் களைத்த திருவடிகளை நாமும் வணங்குவோம்.