பெட்டியில் ஒரு புகாரும் இல்லை

புன்னைத்துறையில் நடந்த சர்வதேச நடைப் போட்டியின் தூரம் இருபது கிலோமீட்டர். அந்த இருபதும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. முடிவுக் கோட்டிலிருந்து நிருபர்களுக்காக எடுத்திருந்த கல்யாண மண்டபத்து வாசல் அறுபத்திரண்டு அடி. குறையெல்லாம் அந்த வாசலுக்கு உள்ளேதான்.

நிருபர்கள் பதினான்கு நாட்டிலிருந்து மொத்தம் நாற்பத்தொரு பேர். அவர்களைக் கவனிக்கும் ஊடகப் பிரிவுக்கு அதிகாரி வத்சலா. ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. போட்டிக் குழுத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, "முடிஞ்சதும் புகார்ப் பெட்டியைத் திறப்பேன். காலியா இருந்தா வேலை நிரந்தரம். ஒரே ஒரு தாள் இருந்தாலும் நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன கையோடு உதவிக்கு மூன்று பேரை அனுப்பி வைத்தார். கோதண்டம், சிங்காரவேலு, நாகூரான். மூவரும் தலைவருடைய சொந்த ஊர்க்காரர்கள். வேறு தகுதி ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

வத்சலா பெரிய எழுத்தில் மூன்று விதி எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒரு நாற்காலிக்கு ஒரு தண்ணீர் பாட்டில். கழுத்தில் அட்டை இல்லாத யாரையும் உள்ளே விடக் கூடாது. தலைமை நடுவர் கையெழுத்து இல்லாத எந்தத் தாளையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பிறகு ஒத்திகை பார்த்தார்கள். ஜெயித்த வீரராக சிங்காரவேலு நடித்தான். மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தான். வத்சலா நிருபர் மாதிரி, "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கால் வலிக்குது மேடம்."

"நல்லா பண்றீங்க. நாளைக்கும் இதே மாதிரிதான் நடக்கணும். இம்மி மாறக் கூடாது."

மூவரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை நாற்பத்தொரு நாற்காலியிலும் நாற்பத்தொரு பாட்டில் உட்கார்ந்திருந்தது. முதலில் வந்த நிருபர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காரப் போனார். கோதண்டம் தடுத்துவிட்டார்.

"பாட்டிலை எடுத்துட்டா நாற்காலிக்குப் பாட்டில் இல்லையே சார்."

"அப்ப அவர் எங்கண்ணே உக்காருவார்?" என்றான் நாகூரான்.

"விதியில ஆளைப் பத்தி ஒண்ணும் இல்லடா. நாற்காலியைப் பத்தித்தான் இருக்கு."

மூவரும் கால் மணி நேரம் யோசித்து, நிருபர்களுக்கு ஜமக்காளம் விரித்தார்கள். பதினான்கு நாட்டுக்காரர்களும் சம்மணம் போடத் தெரியாமல் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். வயதான நிருபர் ஒருவர் கோபமாக எழுந்து வந்து புகார்த் தாள் கேட்டார்.

கோதண்டம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தலைமை நடுவர் கையெழுத்து இல்லை சார். கொடுக்க முடியாது."

இதெல்லாம் நடந்தபோது வத்சலா மாடியில் இருந்தார். இணைய இணைப்பு போயிருந்தது. மின்சாரக்காரர் ஏணியில், அவர் ஏணிக்குக் கீழே.

ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு முதல் வீரர் கோட்டைத் தாண்டினார். டோமாஸ் என்று பெயர். பனியனும் அரைக்கால் சட்டையும் தவிர உடம்பில் எதுவும் இல்லை. வேர்த்து ஒழுக மண்டப வாசலுக்கு வந்தார்.

"அட்டை?" என்றான் நாகூரான்.

வீரர் தன் நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைக் காட்டினார்.

"அது வயித்துக்கு மேல இருக்கு. கழுத்துல இருக்கணும்."

பின்னாலேயே வந்த தலைமை நடுவர், வெள்ளைத் தாடிக்காரர், எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நாகூரான் அசையவில்லை. அலுத்துப்போன நடுவர் தன் அட்டையைக் கழற்றி வீரர் கழுத்தில் மாட்டிவிட்டார். நாகூரான் அட்டையைப் படித்தான். முகம் மாறியது.

"அண்ணே! தலைமை நடுவர் வந்திருக்கார்!"

கோதண்டம் ஓடி வந்து அட்டையிலிருந்த படத்தையும் ஆளையும் பார்த்தார். "படத்துல தாடி இருக்கேடா?"

"வேர்வைக்கு எடுத்திருப்பார்ணே. விதியில அட்டைன்னுதான் போட்டிருக்கு. மூஞ்சின்னு போடலை."

"அதுவும் சரிதான்."

வீரரை மரியாதையாக உள்ளே அழைத்துப் போய், முடிவுத்தாள் நாற்பத்தொன்றையும் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தார்கள். ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று நினைத்த வீரர் சிரித்துக்கொண்டே நாற்பத்தொன்றிலும் கையெழுத்துப் போட்டார். நிஜ நடுவர் உள்ளே வரக் காலை வைத்தார். அவர் கழுத்து வெறுமையாக இருந்தது. நாகூரான் கையை நீட்டி மறித்தான்.

"ஜெயிச்சவரை இன்னும் காணோமேண்ணே" என்றான் சிங்காரவேலு.

கோதண்டம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீதானேடா அது? மேடம் என்ன சொன்னாங்க? இம்மி மாறக் கூடாதுன்னாங்களா இல்லையா? போய் உட்காரு."

சிங்காரவேலு மேடை ஏறி நடு நாற்காலியில் உட்கார்ந்தான். கேமராக்கள் மின்னின. எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"கால் வலிக்குது மேடம்."

இருபது கிலோமீட்டர் நடந்தவர் இப்படி எளிமையாகப் பேசியதை நிருபர்கள் வெகுவாக மெச்சினார்கள். வத்சலா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது பதினொரு நாட்டுக்குச் செய்தி போய்விட்டது. இணைப்பை அவரே சரிசெய்து கொடுத்திருந்தார்.

உண்மை தெரிந்ததும் நாற்பத்தொரு பேரும் புகார்த் தாள் கேட்டு வரிசையில் நின்றார்கள். நாற்பத்தொரு பேருக்கும் கோதண்டம் பொறுமையாக ஒரே பதிலைச் சொன்னார். வெள்ளைத்தாடி நடுவர் வாசலில் நின்றபடி தானே கையெழுத்துப் போடுவதாகக் கத்தினார்.

"அட்டை?" என்றான் நாகூரான்.

அன்று ராத்திரி தலைவர் பெட்டியைத் திறந்தார். தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தார். ஒரு பல்லி மட்டும் விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வத்சலாவுக்கு நிரந்தர ஆணையை நாளைக்குச் சாயங்காலம் மேடையில கொடுக்கிறேன். காலையில ஒத்திகை பாத்துடுங்க."

மறுநாள் காலையில் வத்சலா பதினொரு நாட்டுப் பத்திரிகைகளுக்கு மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒத்திகைக்கு அவர் இடத்தில் வழக்கம்போல சிங்காரவேலு நின்றான். எண்ணி ஏழு அடி வைத்து மேடைக்குப் போவது. வலக்கையால் உறையை வாங்குவது. ஒரு கும்பிடு.

சாயங்காலம் வத்சலா பட்டுப் புடவை கட்டி வந்தார். படத்தில் தெரியக் கூடாதென்று அட்டையைக் கழற்றிக் கைப்பையில் போட்டு, பையை முன்வரிசை நாற்காலியில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து அம்மாவுக்கு ஒரு போன் பேசினார். திரும்பினால் நாகூரான் கை குறுக்கே நீண்டிருந்தது.

"அட்டை உள்ள இருக்கு நாகூரான்!"

"கழுத்துல இல்லையே மேடம். நீங்க எழுதுனதுதானே?"

உள்ளே வத்சலாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சிங்காரவேலு எண்ணி ஏழு அடி வைத்து நடந்தான். தலைவர் உறையைக் கொடுத்தார். அவர் ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிங்காரவேலு கும்பிட்டான். எல்லாம் ஒத்திகையில் இருந்தபடியே, இம்மி மாறாமல்.

வத்சலா வாசலிலேயே நின்று, "புகார்த் தாள் ஒண்ணு கொடுங்க கோதண்டம்!" என்றார்.

"கொடுக்கலாம் மேடம். தலைமை நடுவர் கையெழுத்து வேணுமே."

"அவர் எங்கே?"

"மத்தியானமே விமானம் ஏறிட்டார் மேடம். நல்ல மனுஷன். அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டேதான் போனார்."

வத்சலா பக்கத்தில் பார்த்தார். வெள்ளைத் தாடிக்காரர் அங்கேதான் இருந்தார். இரண்டாவது நாளாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நாகூரான் பாவம் பார்த்து அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அதில் ஒரு பாட்டிலையும் வைத்தான்.

வத்சலா நாற்காலியைத் தாண்டிப் போய், படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.