ஆறேகால் மணி வண்டி

மலையடிவாரத்தில், நூற்பாலைக்குப் போகும் சாலையோரம், ஒரு கல்மண்டபத்தில் தனியாக இருந்தவளை ஊரார் சாமியம்மா என்றார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவள் உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. எப்போதும் ஓர் ஆளுக்குக் கூடுதலாகவே கஞ்சி வைப்பாள்.

சிஷ்யை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒருத்திதான் உண்டு. வடிவு. மாமியார் போய்ச் சேர்ந்து, புருஷனும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியோடு வடக்கே போன பிறகு, ஞாயிறுதோறும் வருவாள். மண்டபத்தைக் கூட்டித் தெளிப்பாள். சற்று நேரம் கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

அந்த ஞாயிறு அவள் துடைப்பத்தைத் தொடவில்லை. தூங்கும் பிள்ளையைத் துணிவிரிப்பில் கிடத்திவிட்டுச் சொன்னாள்.

"பேச்சி என்னைய வேண்டாங்கா, அம்மா."

பேச்சி அவள் மகள். ஆறு மாதம்.

"எப்பருந்து?"

"மில்லுக்குத் திரும்பப் போன நாள்லருந்து. இருபது நாளாச்சு. காலையில வாயே வைக்க மாட்டேங்கா. முகத்தத் திருப்பிக்கிடுதா. சாயங்காலம் குடிக்கா. ஞாயித்துக்கிழமை குடிக்கா. நான் போற காலையிலதான் இந்தக் கூத்து. பாலும் கொறஞ்சுக்கிட்டே வருது."

"பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்லுதா?"

"முத்தக்காவா? பீய்ச்சி வச்சத அவதான் பாலாடையில புகட்டுதா. 'ஒனக்கு வேலதான் பெருசுன்னு புள்ள கண்டுபிடிச்சிட்டு'ங்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுதா."

"காலையில என்னெல்லாம் செய்யுவ?"

வடிவு விரல் மடக்கிச் சொன்னாள். நாலரைக்கு எழுந்ததும் குளியல். குளிக்காமல் பிள்ளையைத் தொடக் கூடாது என்பது மாமியார் வைத்த சட்டம். வைத்தவள் போய்விட்டாள், சட்டம் வீட்டோடு தங்கிவிட்டது. அப்புறம் சமையல், சோற்று டப்பா, சீருடைச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. எல்லாம் முடித்து, ஆறேகாலுக்கு மில் வண்டி வரக் கால் மணி நேரம் இருக்கையில் பிள்ளையை எழுப்பி மடியில் போடுவாள். வேலையெல்லாம் ஒழிந்தால்தானே நிம்மதியாகக் கொடுக்கலாம்.

"வேலைய விட்டுரட்டுமா? இல்ல, பால மறக்கடிச்சுரட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இவளும் வேண்டாம்னுட்டா, அந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா?"

"சாப்பிட்டியா?"

"இல்ல."

சாமியம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது காலில் செருப்பு இருந்தது. தோளில் துணிப்பை. கையில் கஞ்சிச் சட்டி. உட்காரவில்லை. நின்றபடியே கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். கண் சாலையிலேயே இருந்தது.

"எங்கயும் கெளம்புதீங்களா, அம்மா?"

"நீ குடி."

வடிவு ஒரு வாய் குடித்தாள். சாமியம்மா பையைத் தோள் மாற்றிப் போட்டாள். சாலையை எட்டிப் பார்த்தாள்.

"வேணும்னா நான் அப்புறமா வாரேன்."

"குடிளா."

இரண்டாம் வாய் தொண்டையில் நின்றது. வடிவு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பசிக்கலையா?"

"பசிக்கத்தான் செய்யுது. எறங்க மாட்டேங்கு."

"என் கஞ்சி ஒனக்கு வேண்டாமாக்கும்."

வடிவு செருப்பைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பிறகு தூங்கும் பிள்ளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அலாரம் அடித்ததும் அவள் குளிக்கப் போகவில்லை. கசங்கிய பழஞ்சேலையோடு, விளக்குப் போடாமல், பிள்ளையின் பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவரில் மாட்டிய படத்திலிருந்து மாமியார் பார்ப்பதுபோல் இருந்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். பேச்சி கண்ணைத் திறக்காமலே மோந்து மோந்து வந்து கவ்விக்கொண்டாள்.

அன்று குழம்பு வைக்க நேரமில்லை. டப்பாவில் மோர்ச்சோறுதான்.

அடுத்த ஞாயிறு வந்து கூட்டித் தெளித்தாள்.

"குடிக்காளா?"

"குடிக்கா. தெனமும்."

துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகம் தெளியவில்லை.

"இன்னும் என்னளா?"

"வண்டி வாரப்ப முத்தக்கா இடுப்புல இருந்துக்கிட்டுச் சிரிக்கா, அம்மா. அழவே மாட்டேங்கா. வண்டியில எல்லாரும் சளசளன்னு பேசிக்கிட்டு வாராளுவ. எனக்கு ஒண்ணும் காதுல விழ மாட்டேங்கு. ஒரு நாளாவது என்னையத் தேடி அழக் கூடாதா?"

"வயிறு நெறஞ்ச புள்ள எதுக்கு அழும்?"

"அப்ப எனக்கு ஏன் இப்படி இருக்கு?"

சாமியம்மா உள்ளே போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். செருப்பு வாசலில் கிடந்தது. பை மூலையில் கிடந்தது. வடிவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து கிண்ணத்தை நகர்த்தினாள்.

"நீ இன்னும் சாப்பிடல. மெதுவா குடி. நான் எங்கயும் போகல."