பீரோவுக்குள் இருந்த வைஃபை

மழைக்காலத்தில் கொல்லிமலை ஆசிரமத்தின் கூடத்துக்குள்ளேயே மேகம் வந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் கரைந்துபோகும். சற்று நேரம் கழித்து மெல்லத் திரும்பி வரும்.

அப்படி ஒரு பிற்பகலில், வீட்டை விட்டு ஆசிரமத்தோடு தங்கிவிட்ட குழந்தைவேலு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நார்வேயில் இருக்கும் மகள் மதிவதனி கூப்பிடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தாய் இறந்தபின் அவள் அவரோடு பேச்சையே விட்டிருந்தாள். இந்த மழைக்காலத்தில்தான் மறுபடி கூப்பிடத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் படம் உறையும். குரல் நூல்நூலாகப் பிரிந்து அறுந்துபோகும். போன வாரம் கடைசியாகக் காதில் விழுந்தது இதுதான்: "அடுத்த தடவையும் இப்படியே ஆச்சுன்னா இனிமே கூப்பிட மாட்டேம்ப்பா."

"மேகம் உள்ள வந்தா நெட்டு வெளிய போயிடும் சாமி. ரெண்டுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார் சமையல் பார்க்கும் பொன்னுரங்கம்.

குழந்தைவேலு எழுந்து குருவிடம் போனார். நீலாம்பிகை அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். ஈரத்துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, வைஃபை ரொம்ப பலவீனமா இருக்கு. பெரிய ரௌட்டரா வாங்கிப் போட்டா சரியாகுமா?"

"இப்ப இருக்கறது எங்க இருக்கு?"

"பீரோவுக்குள்ள. வெளிய வச்சா குரங்கு தூக்கிட்டுப் போயிடும்னு பூட்டி வச்சிருக்கேன்."

"இரும்பு பீரோவா?"

"ஆமாம்மா. வெள்ளி விளக்கோட சேர்த்து வச்சிருக்கேன். பத்திரமா இருக்கு."

அம்மையார் சாவிக்குக் கை நீட்டினார். பீரோவைத் திறந்தார். விளக்குகளுக்கு நடுவே தனியாக மினுங்கிக்கொண்டிருந்த ரௌட்டரை வெளியே எடுத்து, பீரோவின் தலைமேல் வைத்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகிலிருந்த சின்ன ஆன்டெனா சுவரில் அழுந்திக் கிடந்தது. பெட்டியை முன்னால் இழுத்து அதை நிமிர்த்திவிட்டார்.

"குரங்கு வந்தா?"

"வரட்டும். விரட்டிக்கலாம்."

அழைப்பு வந்தது. திரையில் மதிவதனி தெரிந்தாள். அவளுக்குப் பின்னால், ஜன்னலில் பனி விழுவதுகூடத் தெரிந்தது.

"அட, இன்னிக்கு உங்க தாடி நரைச்சிருக்கறதுகூடத் தெரியுதுப்பா!"

குழந்தைவேலு குழந்தைபோலச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனீங்களாமே. வாட்ச்மேன் சொன்னார். ஏம்ப்பா?"

ஒரு சொல்கூட உதிராமல் வந்து சேர்ந்தது.

'கேக்கலம்மா, லைன் சரியில்ல.' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இத்தனை வாரமும் பேச்சு இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவர் அதைத்தான் சொல்லியிருந்தார். நன்றாகக் கேட்ட நாட்களிலும் சொல்லியிருந்தார்.

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ராத்திரி அம்மா என்கிட்ட..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தைவேலு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். மேகத்துக்குள் அம்மையார் பாதிதான் தெரிந்தார்.

"இதுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

"பொண்ணு இன்னும் சொல்லி முடிக்கலையே, வேலய்யா."